பட்டறைக் கேள்விகள்: கடையில் வாங்கும் புல்லரும் கடைசலில் செய்யும் புல்லரும்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எஞ்சின் வேலைக்கான கருவிகளைப் பற்றியவை. கடையில் கிடைக்கும் கருவிகளின் தரம் குறைந்துவருகிறது என்ற குறையும், அவற்றைப் பட்டறையிலேயே செய்துகொள்ளலாமா என்ற கேள்வியும் எல்லாவற்றிலும் ஓடுவதால், இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: மேக்னட் கழற்றும் புல்லரை (இறுகிய பாகத்தை இழுத்துக் கழற்றும் கருவி) இரண்டு முறை புதிதாக வாங்கிவிட்டேன். இரண்டுமே சில வண்டிகளுக்குள் மரை உரிந்துபோயின. இரண்டாவது புல்லர், வாடிக்கையாளருடைய மேக்னட்டின் மரையையும் சேர்த்து உரித்துவிட்டதால், புது மேக்னட்டை என் செலவில் மாட்டிக் கொடுத்தேன். என் தந்தையார் புல்லட்டுக்கும் ஜாவாவுக்கும் பயன்படுத்திய புல்லர்கள் இன்றும் வேலை செய்கின்றன. இப்போது வருபவை ஏன் இப்படி இருக்கின்றன? லேத்தில் (கடைசல் எந்திரத்தில்) கொடுத்துச் செய்துகொள்வது சரியா?
— இருசக்கர வாகனப் பட்டறை உரிமையாளர், ஈரோடு

பதில்: மேக்னட் என்னும் காந்தச் சக்கரம், எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க்கின் முனையில் உள்ள கூம்பின் மேல் இறுகி உட்கார்ந்திருக்கிறது. தண்டில் செருகியிருக்கும் கீ என்ற சிறு துண்டு அதன் நிலையைக் காட்டுவதற்குத்தான். சுழற்சியின் பளுவைத் தாங்குவது கூம்பின் பிடிப்பு. அந்தப் பிடிப்பை விடுவிக்க, புல்லரின் உடல் மேக்னட்டின் நடுக்குமிழில் மரையால் பற்றிக்கொள்ள, நடுப்போல்ட் கிராங்க் முனையைத் தள்ளுகிறது. 12 மி.மீ. நடுப்போல்ட்டை 40 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்கினால் போதும், உராய்வில் போனதுபோக ஏறத்தாழ 1.7 டன் தள்ளுவிசை கிடைக்கும். 20 செ.மீ. நீளமுள்ள ஸ்பேனரை 20 கிலோ விசையுடன் இழுத்தாலே இந்த முறுக்கு வந்துவிடும். யாரும் முரட்டுத்தனமாக இழுக்க வேண்டியதில்லை. அந்த 1.7 டன்னையும் ஏற்பது, உடலுக்கும் மேக்னட்டுக்கும் இடையே பிணைந்திருக்கும் ஏழெட்டுச் சுற்று மரை மட்டுமே.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு உங்களிடம் உரிந்துபோன புல்லரைப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று குறைகள் தென்படும். முதலாவது, உடல் சாதாரண மைல்ட் ஸ்டீலில் செய்யப்பட்டிருக்கும். இரண்டாவது, எந்த மேக்னட்டிலும் சிக்காமல் ஏற வேண்டும் என்பதற்காக மரையைச் சற்றுக் குறைந்த விட்டத்தில் வெட்டியிருப்பார்கள். அதனால் மரையின் முழு ஆழமும் பிணையாமல் நுனிகள் மட்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். மூன்றாவது, நடுப்போல்ட்டின் முனை வெப்பப் பதனிடலைக் கண்டிருக்காது; நாலைந்து முறை பயன்படுத்தியதும் காளான்போல் விரிந்து, பின்னால் திரும்பி வர மறுக்கும். மேலே பூசிய குரோமியப் பளபளப்பு இந்த மூன்றையும் ஒருசேர மறைத்துவிடுகிறது. விலையைக் குறைக்க நினைக்கும் தயாரிப்பாளர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் கைவைப்பார்; வெப்பப் பதனிடல் அப்படிப்பட்ட இடம்.

இதற்கு விலைப்போட்டி ஒன்றை மட்டும் காரணமாகச் சொல்லிவிட முடியாது. திருவொற்றியூரில் 1955-இல் தொடங்கிய புல்லட்டின் வார்ப்பிரும்பு எஞ்சின், சிறுசிறு மாற்றங்களுடன் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வந்துகொண்டிருந்தது. மைசூரில் ஜாவாவும் யெஸ்டியும், பின்னர் வந்த பஜாஜ் சேட்டக்கும் பல்லாண்டுகள் ஏறக்குறைய ஒரே அமைப்பில் விற்பனையாயின. ஒரு புல்லரை வடிவமைத்துவிட்டால் ஒரு தலைமுறைக்கு அதையே விற்கலாம் என்ற நிலையில், நல்ல எஃகுக்கும் நல்ல அச்சுக்கும் செலவழிப்பது தயாரிப்பாளருக்குக் கட்டுபடியானது. இன்று சில ஆண்டுகளுக்கொரு மாடல் வருகிறது; ஒவ்வொன்றுக்கும் தனி மரை, தனி விட்டம். வண்டி நிறுவனத்தின் சொந்தச் சிறப்புக் கருவிகள் பெரும்பாலும் அதன் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் நிலையங்களோடு நின்றுவிடுகின்றன. வெளிச்சந்தைக்காகச் செய்பவர் அவற்றில் ஒன்றைப் பார்த்து நகல் எடுக்கிறார்; அடுத்தவர் அந்த நகலைப் பார்த்து நகல் எடுக்கிறார்; ஒவ்வொரு படியிலும் அளவு கொஞ்சம் நழுவுகிறது.

பழைய கருவிகளெல்லாம் உயர்ந்தவை என்ற உங்கள் எண்ணத்தில் பாதியைத்தான் நான் ஏற்பேன். அக்காலத்திலும் மட்டமான புல்லர்கள் விற்றன. அவை உடைந்து பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டதால் இன்று உங்கள் கண்ணில் படுவதில்லை. தந்தையார் பெட்டியில் எஞ்சியிருப்பவை தேர்வில் தேறியவை.

லேத்தில் செய்துகொள்ளலாம், மேக்னட் புல்லரைப் பொறுத்தவரை அதுவே நல்ல வழி என்பது என் கருத்து. உடலுக்கு ஈ.என். 8 வகை எஃகு ராடு போதும். அதில் ஏறத்தாழ 0.4 சதவீதக் கரிமம் இருப்பதால் மைல்ட் ஸ்டீலைவிடத் தெளிவாக வலுவானது. ஈ.என். 24 இன்னும் வலுவானது என்றாலும், தினமும் பத்து மேக்னட் கழற்றுபவருக்கு அன்றி மற்றவருக்கு அந்தச் செலவு வேண்டாம். நடுப்போல்ட்டாக 10.9 தர போல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தலையில் பொறித்துள்ள முதல் எண், அதன் இழுவலிமை ஒரு சதுர மி.மீ.க்கு 1000 நியூட்டன் என்பதையும், இரண்டாவது எண், அதில் 90 சதவீதம் வரை அது நிலையாக வளையாது என்பதையும் சொல்கின்றன. 12 மி.மீ. போல்ட்டில் வழக்கமான 1.75 மி.மீ. மரைக்குப் பதிலாக 1.25 மி.மீ. நுண்மரை கிடைத்தால், அதே கைவிசைக்குத் தள்ளுதல் சீராகவும் சற்று அதிகமாகவும் இருக்கும். போல்ட் முனையைக் கடைசலில் மரையின் அடிவிட்டத்தைவிடக் குறைவாக இறக்கி, ஓரத்தை உருட்டிவிடச் சொல்லுங்கள். எப்போதாவது முனை விரிந்தாலும் மரைக்குள் மாட்டிக்கொள்ளாது. இந்த போல்ட்டில் எங்கேயும் வெல்டு வைக்கக் கூடாது, வைத்த இடத்தில் அதன் பதம் போய்விடும்.

கழற்றும்போது புல்லர் உடலைக் கையாலேயே கடைசிச் சுற்று வரை ஏற்றுங்கள்; ஸ்பேனர் தேவைப்பட்டால் மரையில் அழுக்கோ அளவு வேறுபாடோ இருக்கிறது என்று பொருள். கிராங்க்கின் நட்டை முழுவதும் எடுத்துவிடாமல், தண்டின் முனையோடு சமமாக நிற்கும்படி விட்டு, போல்ட் முனைக்கும் தண்டுக்கும் நடுவே ஒரு பித்தளைத் துண்டு வையுங்கள். இறுக்கியபின் போல்ட் தலையில் ஒரு சிறு தட்டு. பெரும்பாலும் அதிலேயே கூம்பு விட்டுவிடும். விடாவிட்டால் சுத்தியலைப் பெரிதாக்க வேண்டாம். துண்டு துண்டாக அழுத்திச் சேர்க்கப்பட்ட கிராங்க் அந்த அடியில் நேர்கோடு தப்பும், பேரிங்கும் அடிவாங்கும். மேக்னட்டின் வெளிவிளிம்பைப் பற்றி இழுக்கும் கால் புல்லரைத் தொடவே வேண்டாம். விளிம்பு வளைவதோடு உள்ளே உள்ள காந்தங்களும் பெயர்ந்துவிடக்கூடும்.

கேள்வி: என்னிடம் மெக்கானிக்குகள் புல்லர், பிடிப்பான் போன்றவற்றைக் கொண்டுவந்து அதேபோல் செய்துகொடுக்கச் சொல்கிறார்கள். செய்து கொடுத்தவற்றுள் சில, மூன்று சுற்று நன்றாக ஏறிவிட்டு நான்காவது சுற்றில் இறுகிக்கொள்கின்றன. வெர்னியரில் அளவு சரியாகவே இருக்கிறது. எங்கே தவறுகிறது?
— கடைசல் பட்டறை நடத்துபவர், கோயம்புத்தூர்

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறியைப் பார்த்தால், வந்த வண்டிகளில் பழைய புல்லட்டுகள் இருந்திருக்கும் என்று எண்ணுகிறேன். பிரிட்டிஷ் வடிவமைப்பில் வந்த அந்த எஞ்சின்களில் மெட்ரிக் அல்லாத மரைகள் பல இடங்களில் உண்டு. பிரிட்டிஷ் சைக்கிள் மரை பெரும்பாலும் ஓர் அங்குலத்துக்கு 26 சுற்று என்ற கணக்கில் வரும், 25.4 மி.மீ.யை 26-ஆல் வகுத்தால் ஒரு சுற்றின் இடைவெளி 0.977 மி.மீ. மரை கேஜில் 1 மி.மீ. தகட்டை வைத்துப் பார்த்தால் சில சுற்றுகளுக்கு அது கச்சிதமாகப் பொருந்துவதுபோல்தான் தெரியும். ஆனால் பத்துச் சுற்றில் 0.23 மி.மீ. விலகிவிடுகிறது, மரையின் இடைவிளையாட்டு (சிறு தளர்வு) அந்த விலகலை விழுங்கும் வரை ஏறி, அதற்குமேல் இறுகிக்கொள்கிறது. அப்போது மெக்கானிக் ஸ்பேனர் போட்டுத் திருகினால், உங்கள் புல்லர் தனக்கேற்ற புது மரையை மேக்னட்டில் வெட்டிக்கொண்டு உள்ளே போகும். பழி கருவிக்கு வரும்.

ஆகவே மரை இடைவெளியை ஒரு சுற்றுக்கு அளக்காமல், கிடைக்கும் முழு நீளத்துக்கும் அளந்து சுற்றுகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். அங்குல மரை கேஜ் ஒன்றையும் மேசையில் வைத்திருங்கள். இடைவெளி ஒன்றாக இருந்தாலும் கோணம் வேறாக இருக்கலாம் என்பது அடுத்த சிக்கல். மெட்ரிக் மரைக்கும் சைக்கிள் மரைக்கும் 60 பாகை, பழைய பிரிட்டிஷ் விட்வர்த் குடும்பத்து மரைகளுக்கு 55 பாகை. 60 பாகைக்குத் தீட்டிய டூலால் 55 பாகை மரையை வெட்டினால் சரிவுகள் முழுவதும் படியாமல் ஒரு கோட்டில் மட்டும் தொடும். ஏறும், ஆனால் பளு வந்ததும் உரியும்.

தேய்ந்த மாதிரியை நகலெடுப்பதையும் நிறுத்திவிடுங்கள். மெக்கானிக் கொண்டுவருவது ஏற்கெனவே பாதி உரிந்த புல்லர் என்றால், அதன் விட்டத்தை அளந்து செய்வது குறையையே நகலெடுப்பதாகும். புல்லர் பற்றப்போகும் மேக்னட்டையே, முடிந்தால் பழுதாகிப் பட்டறையில் கிடக்கும் ஒன்றையாவது, கொண்டுவரச் சொல்லி, அதற்கு ஏற்றிப் பார்த்து வெட்டுங்கள். சில வண்டிகளின் மேக்னட்டில் இடது மரை இருக்கும் என்பதையும் கேட்டுவாங்கிக் குறித்துக்கொள்வது நல்லது. உடலின் நடுத்துளையையும் வெளிமரையையும் ஒரே பிடிப்பில், சக்கிலிருந்து கழற்றாமல் முடிக்க வேண்டும். நடுத்துளை சாய்ந்தால் போல்ட் கிராங்க்கை ஓரமாகத் தள்ளும், மரையின் ஒரு பக்கம் மட்டும் முழுப் பளுவையும் ஏற்கும். தோள்பட்டை ஓரத்தில் மரை முடியும் இடத்தில் ஒரு சிறு பள்ளம் வெட்டிவிட்டால், கடைசிச் சுற்று வரை உட்காரும். செய்த கருவியில் மரை அளவையும் வண்டிப் பெயரையும் பொறித்துக் கொடுத்தால், அடுத்த பட்டறைக்கு இரவல் போகும்போது தவறான வண்டியில் ஏறாது. இரவல் போகாத புல்லர் எந்த ஊரிலும் கிடையாது.

கேள்வி: ஸ்பேனர்களில் ‘குரோம் வெனேடியம்’ என்று பொறித்திருக்கிறார்கள். அதை நம்பி வாங்கலாமா? கடையிலேயே சோதித்துப் பார்க்க வழி இருக்கிறதா?
— தொழிற்பயிற்சி நிலைய மாணவர், திருநெல்வேலி

பதில்: பொறிப்பது அச்சுக்கட்டையின் வேலை, எஃகில் என்ன இருக்கிறது என்பதற்கு அது சான்றாகாது. உண்மையாகவே குரோம் வெனேடியம் எஃகாக இருந்தாலும், சரியாகக் காய்ச்சித் தோய்த்து, பின்னர் மிதமான சூட்டில் பதம் இறக்காவிட்டால் பயனில்லை. தோய்ச்சல் மிகுந்தால் ஸ்பேனரின் வாய் உடையும், குறைந்தால் வாய் விரியும்.

கடைக்காரர் அனுமதித்தால் கண்ணில் படாத ஓரத்தில் ஒரு நல்ல அரத்தால் இழுத்துப் பாருங்கள். அரம் சுத்தமாக வழுக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஸ்பேனர் பொதுவாக ராக்வெல் சி என்னும் கடினத்தன்மை அளவில் 40-க்குச் சற்று மேலே இருக்கும், அரம் 60-க்கு மேல். ஆகவே நல்ல ஸ்பேனரையும் அரம் தயங்கித் தயங்கிக் கொஞ்சம் கடிக்கத்தான் செய்யும். வெண்ணெய்போல் கடித்தால் வாங்காதீர்கள். அனுமதிக்காவிட்டால் அளவைப் பாருங்கள்: 8.8 தரப் புது போல்ட் ஒன்றைப் பையில் எடுத்துப்போய், அதன் தலையில் மாட்டி அசைத்தால் எவ்வளவு ஆடுகிறது என்று கவனியுங்கள். ரிங் ஸ்பேனரின் உள்மூலைகளில் குரோமியம் திட்டுத்திட்டாகக் கட்டியிருந்தால் அது போல்ட் தலையின் மூலையைத் தின்னும். வாயின் இரு தாடைகளும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

தொடக்கத்தில் முப்பது துண்டு கொண்ட பெட்டியை வாங்குவதைவிட, அடிக்கடி கைக்கு வரும் 8, 10, 12, 14, 17 அளவுகளை மட்டும் பெயர்பெற்ற தயாரிப்பில், தெரிந்த கடையில் வாங்குவது உங்களுக்குப் போதும். மீதியைச் சம்பாதித்து வாங்கலாம்.

கேள்வி: குறைந்த விலையில் டார்க் ரென்ச் (முறுக்கின் அளவைக் காட்டும் ஸ்பேனர்) ஒன்றை வாங்கினேன். ‘கிளிக்’ என்று ஒலிக்கிறது. ஆனால் அது சொல்லும் அளவை நம்பலாமா என்று தெரியவில்லை. வீட்டிலேயே டார்க் ரென்ச் செய்யும் முறை உண்டா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: செய்வதைப் பற்றி யோசிக்க வேண்டாம். இழுப்பதற்கும் பிடிப்பதற்கும் உதவும் கருவியை நாமே செய்துகொள்ளலாம்; அளக்கும் கருவியை விலைகொடுத்து வாங்கி, பின்பு சோதித்துப் பார்ப்பதுதான் முறை. கையால் முறுக்கும் இத்தகைய கருவிகளுக்கான ஐ.எஸ்.ஓ. 6789 தரநிலை, 10 நியூட்டன் மீட்டருக்கு மேற்பட்ட கிளிக் வகைக்கு 4 சதவீதம் வரை கூடுதல் குறைவை அனுமதிக்கிறது; ஓராண்டுக்கு ஒருமுறையோ 5000 முறை பயன்படுத்திய பிறகோ மறுசோதனை செய்யவும் சொல்கிறது. மலிவான ரென்ச் வாங்கும் நாளிலேயே இந்த எல்லைக்கு வெளியே இருக்கக்கூடும்.

சோதிக்க ஆய்வகம் வேண்டியதில்லை. மளிகைக் கடையில் முத்திரையிட்ட 10 கிலோ எடைக்கல் கிடைத்தால் போதும். ரென்ச்சின் சதுர முனையைப் பெஞ்ச் வைஸில் பிடித்து, கைப்பிடி தரைக்கு இணையாக நிற்கும்படி வையுங்கள். சதுர முனையின் நடுவிலிருந்து கைப்பிடியின் நடுக்கோடு வரை அளந்து, அந்த இடத்தில் கயிற்றால் எடைக்கல்லைத் தொங்கவிடுங்கள். தூரம் 40 செ.மீ. என்றால் 10-ஐ 9.8-ஆலும் 0.4-ஆலும் பெருக்க, 39.2 நியூட்டன் மீட்டர் வரும். இதோடு ரென்ச்சின் சொந்த எடையையும் சேர்க்க வேண்டும். பலர் இதை விட்டுவிட்டு ரென்ச் மீது குறை சொல்வார்கள். அதை விரலில் வைத்துச் சமநிலைப் புள்ளியைக் கண்டுகொள்ளுங்கள். ஒரு கிலோ எடையுள்ள ரென்ச்சின் சமநிலைப் புள்ளி முனையிலிருந்து 18 செ.மீ. தூரத்தில் இருந்தால், அதனால் ஏறத்தாழ 1.8 நியூட்டன் மீட்டர் கூடும். ஆக மொத்தம் 41. இப்போது ரென்ச்சை 39-இல் வைத்தால் எடையை மெதுவாகத் தொங்கவிட்டதும் கிளிக் வர வேண்டும்; 43-இல் வைத்தால் வரக்கூடாது. இரண்டில் ஒன்று தவறினாலும் அந்த ரென்ச் 4 சதவீத எல்லைக்குள் இல்லை.

தேறினால் வேலை முடிந்ததும் அளவைக் குறைந்தபட்ச எண்ணுக்கு இறக்கி வையுங்கள், அதற்கும் கீழே தளர்த்த வேண்டாம். இறுகிய நட்டுகளைக் கழற்ற இதைப் பயன்படுத்தாதீர்கள். பழைய கையேடுகளில் கிலோகிராம் மீட்டர் என்று இருந்தால் 9.8-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வால்வு ஸ்பிரிங் அழுத்தும் கருவியை வாங்கிய முதல் வாரத்திலேயே சட்டம் விரிந்து, முனை நழுவி, வால்வு லாக் (வால்வுத் தண்டைப் பிடித்திருக்கும் சிறு பூட்டு) கண்ணுக்குப் பக்கத்தில் பறந்தது. சாதாரண சி கிளாம்பில் குழாய்த் துண்டை வைத்துச் செய்துகொள்ளலாம் என்கிறார்கள். பாதுகாப்பானதா?
— மெக்கானிக், மதுரை

பதில்: செய்யலாம், சில நிபந்தனைகளோடு. கடையில் விற்கும் மலிவான கருவியில் சட்டம் மெலிந்த பட்டையாக இருப்பதால், ஸ்பிரிங்கை அழுத்தும்போது சி வடிவத்தின் வாய் திறந்து, அழுத்தும் கோடு வால்வுத் தண்டின் கோட்டிலிருந்து விலகுகிறது. நழுவுவது அதனால்தான். நீங்கள் எடுக்கும் கிளாம்ப் அடித்து உருவாக்கிய எஃகாக இருக்க வேண்டும். வார்ப்பிரும்பு கிளாம்பில் சாதாரண ராடால் வெல்டு வைத்தால் ஓரத்தில் விரிசல் விட்டு, பளு வந்ததும் பெயர்ந்துவிடும்.

ஸ்பிரிங்கின் மேல்தட்டில் உட்காரும் அளவுக்கு ஒரு குழாய்த் துண்டை நறுக்கி, இரு பக்கமும் ஜன்னல்போல் வெட்டி, அதன் வழியே லாக்கைக் காந்தத்தாலோ சிறு குறடாலோ எடுத்து வைக்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். குழாயின் அடி சதுரமாக இருக்க வேண்டும். ஆக்ஸா பிளேடால் வெட்டியதை அப்படியே விடாமல் லேத்தில் ஒரு தடவை முகம் எடுத்துவிடுங்கள். ஜி.ஐ. குழாயை எடுத்து வெல்டு வைக்காதீர்கள். துத்தநாகப் பூச்சிலிருந்து எழும் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும். மறுமுனை வால்வின் முகத்தை அழுத்தும் இடத்தில் செம்புத் தகடோ நைலான் துண்டோ வையுங்கள். வால்வைத் தள்ளும் டேப்பெட் கிண்ணம்போன்ற பக்கெட் வகையாக உள்ள ஹெட் என்றால், குழாயின் வெளிவிட்டம் பக்கெட் ஓடும் துளையின் சுவரை உரசாத அளவுக்குச் சிறியதாக இருக்க வேண்டும். அங்கே விழும் கீறலுக்குப் பரிகாரம் புது ஹெட்தான்.

கண்ணாடி அணியாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள். வாங்கிய கருவிக்கும் செய்த கருவிக்கும் இது பொது.

கேள்வி: நானும் என் கணவரும் சேர்ந்து பட்டறை நடத்துகிறோம். கிளட்ச் நட்டைக் கழற்றும்போது பற்சக்கரங்களுக்கு நடுவே பழைய செப்புக் காசை வைப்பது அவருடைய வழக்கம். கிளட்ச் பிடிப்பான் வாங்கினால் அதன் பற்கள் வளைந்துபோகின்றன. வேறு வழி உண்டா?
— வாசகி, விழுப்புரம்

பதில்: காசு வைக்கும் வழக்கத்தை விடச் சொல்லுங்கள், அம்மா. முழு முறுக்கும் ஒரே பல்லில் விழுகிறது. நுனி பெயர்ந்தால் அந்தத் துண்டு எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். தூக்கிப்போட வைத்திருக்கும் பழைய கிளட்ச் ஸ்டீல் தட்டு ஒன்றை எடுத்து, 25 மி.மீ. அகலமும் 6 மி.மீ. கனமும் உள்ள இரும்புப் பட்டையைக் கைப்பிடியாக வெல்டு வைத்தால், தட்டுகள் ஏறும் ஹப்பின் எல்லாப் பற்களையும் ஒரே நேரத்தில் பற்றும் பிடிப்பான் கிடைத்துவிடும். நிறுவனமே அச்சிட்ட தட்டு என்பதால் கடைக் கருவியைவிட அது கச்சிதமாகப் பொருந்தும். உராய்வுத் தட்டில் இதைச் செய்ய முயல வேண்டாம். பல வண்டிகளில் அதன் அடித்தட்டு அலுமினியம், வெல்டு ஏறாது.

கிராங்க்கையே நிறுத்த வேண்டியிருந்தால் பிளக் துளை வழியே நைலான் கயிற்றைச் செலுத்திப் பிஸ்டனைத் தடுக்கலாம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரு வால்வுகளும் மூடியிருக்கும் அழுத்தச் சுற்றில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் திறந்திருக்கும் வால்வு வளையும். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டன் துவாரங்களைக் கடந்து மேலே வந்தபின் கயிற்றை விடுங்கள். முன்னரே விட்டால் கயிறு துவாரத்துக்குள் நுழைந்து துண்டாகும். ஒரு முனை எப்போதும் வெளியே இருக்கட்டும்.

கேள்வி: ஃபீலர் கேஜுக்கு (சிறு இடைவெளிகளை அளக்கும் தகடுகளுக்கு)ப் பதிலாகச் சிகரெட் தாள், குளிர்பான டப்பாத் தகடு போன்றவற்றைப் பயன்படுத்துவது சரியா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: பிளக்கின் பொறிக்கான மின்தொடர்பைப் பாயிண்ட் என்ற முனைகள் திறந்து மூடும் பழைய எஞ்சின்களில் சிகரெட் தாள் வைத்தது, பாயிண்ட் எந்த நொடியில் திறக்கிறது என்று அறிவதற்கு, தாள் விடுபட்டால் திறந்துவிட்டது என்று பொருள். அங்கே தாளின் கனம் முக்கியமன்று. டேப்பெட் இடைவெளிக்கு அந்த முறை உதவாது. 0.05, 0.10 என்று நூறில் சில பங்கு மி.மீ. கணக்கில் வைக்கும் இடத்தில் நல்ல கேஜ் ஒன்றை வாங்குங்கள். மைக்ரோமீட்டர் உள்ள கடைசல் பட்டறையில் ஒவ்வொரு தகட்டையும் ஒருமுறை அளந்து, அச்சிட்ட எண்ணோடு ஒத்துவராத தகட்டை உடனே எடுத்தெறியுங்கள்.

கேள்வி: கிராங்க்கேஸுக்குள் இருக்கும் பேரிங்கைக் கழற்ற உள்பிடிப் புல்லர் வாங்கினேன். அதன் கால்கள் வளைந்துவிட்டன, பேரிங் அசையவில்லை. லாரிப் பட்டையில் கால்கள் செய்து வெல்டு வைக்கலாமா?
— மெக்கானிக், நாமக்கல்

பதில்: லாரிப் பட்டை அரிவாளுக்கும் உளிக்கும் நல்ல எஃகு. ஆனால் கரிமமும் சிலிக்கனும் மிகுந்த ஸ்பிரிங் எஃகு என்பதால், சாதாரணமாக வெல்டு வைத்தால் ஒட்டிய இடத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிபோல் இறுகி, இழுக்கும்போது முன்னறிவிப்பில்லாமல் ஒடியும். அதைச் செய்யாதீர்கள்.

உங்களுக்கு இங்கே புல்லரே தேவைப்படாமல் போகலாம். அலுமினியம் சூட்டில் விரிவது எஃகைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. வெளிவிட்டம் 47 மி.மீ. உள்ள 6204 பேரிங்கை எடுத்துக்கொண்டால், கேஸையும் பேரிங்கையும் 30 பாகையிலிருந்து 110 பாகை செல்சியஸ் வரை சூடாக்கும்போது, இரண்டுக்கும் இடையிலான பிடிப்பு 0.04 மி.மீ. அளவு தளர்கிறது, பேரிங்கை இறுக்கிவைத்திருப்பது பெரும்பாலும் அந்த அளவுதான். ஆயில் சீல்களை எடுத்துவிட்டு, கேஸை முழுமையாகக் கழுவி, பெட்ரோல் வாடையே இல்லாமல் உலர்த்தியபின், தட்டையான மின் அடுப்பின் மேல் ஒரு கனத்த இரும்புத் தகட்டை வைத்து அதன்மேல் சீராகச் சூடாக்குங்கள். எரிவாயு கட்டரின் தீயை ஓரிடத்தில் காட்டினால் கேஸ் கோணிக்கொள்ளும். தெளிக்கும் நீர்த்துளி உடனே சுறுசுறுவென்று கொதித்து மறைந்தால் சூடு போதும். கனத்த கையுறையோடு கேஸைத் தலைகீழாகப் பிடித்து மரக்கட்டையின்மேல் ஒரு தட்டுத் தட்டினால், பல நேரங்களில் பேரிங் தானே விழுந்துவிடும்.

புது பேரிங்கை முதல்நாள் இரவே உறையிட்டு ஃப்ரீசரில் வைத்திருங்கள். குளிர்ந்த பேரிங்கைச் சூடான கேஸில் இறக்கும்போது, அதன் வெளிவளையத்தை மட்டும் தொடும் குழாய்த் துண்டு ஒன்று கையருகே இருக்க வேண்டும். பழைய பேரிங்கின் வெளிவளையத்தைக் கிரைண்டரில் சற்றுத் தேய்த்து அந்தக் குழாயின் அடியில் வைத்துக்கொண்டால் அளவு சரியாக வரும். அந்த வளையத்தை நேரடியாகச் சுத்தியலால் அடிக்கக் கூடாது, சில்லு பறக்கும். உள்வளையத்தைத் தட்டி இறக்கினால் குண்டுகள் ஓடுபாதையில் தழும்பு பதித்துவிடும். அந்தத் தழும்பின் சத்தம் எஞ்சினை மூடி வண்டியை ஓட்டிப் பார்க்கும்போதுதான் கேட்கும்.